பந்திக்கும் பரீட்சைக்கும் நடுவே

கேள்வி: அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்துக்காக முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பரிமாறுகிறேன். நண்பர்களிடம் இதைச் சொன்னதில்லை. சென்ற செமஸ்டரில் கணிதத்திலும் தெர்மோடைனமிக்ஸிலும் அரியர் விழுந்துவிட்டது. வேலையை விடுவதா, படிப்பையே விடுவதா?
(வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: படிப்பை விடும் பேச்சை முதலில் ஒதுக்கிவையுங்கள், தம்பி. உங்களைப் போன்ற பல மாணவர்களை வகுப்பில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் சிக்கல் பெரும்பாலும் நாள்காட்டியில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை கிடைக்காது. மண்டபங்கள் நிறையும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் நவம்பர், டிசம்பர் தேர்வுகளோடும், சித்திரை, வைகாசி மாதங்கள் ஏப்ரல், மே தேர்வுகளோடும் மோதுகின்றன. கூலி மிகுதியாகக் கிடைக்கும் வாரங்களே கண்விழித்துப் படிக்க வேண்டிய வாரங்களாகவும் அமைந்துவிடுகின்றன. ஆகவே, தையிலும் மாசியிலும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தேர்வு மாதங்களுக்கென்று எடுத்துவைத்துவிட்டு, பங்குனி பிறந்ததும் மேஸ்திரியிடம் வர இயலாது என்று சொல்லிவிடுங்கள்.

வேலை நாளில் வரும் முகூர்த்தங்களுக்குப் போகவே வேண்டாம். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் தேர்வெழுதுவதே சிக்கலாகிவிடும். 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடங்களில் இன்டர்னலுக்கு 40 மதிப்பெண் இருக்கிறது. செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 50 விழுக்காடும் பெற்றால்தான் தேர்ச்சி. மண்டபத்தில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் தவறவிடும் ஓர் இன்டர்னல் தேர்வை, செமஸ்டர் முடிவில் ஈடுசெய்வது மிகவும் கடினம்.

அடுத்தது பணம். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்தைத்தான் குறைக்கும். சாப்பாட்டுச் செலவு உங்கள் தலையில்தான் விழும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் உடனே கேளுங்கள். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகள் கல்லூரி மாணவர்களுக்கென்று நடத்தும் விடுதிகளில் உணவும் தங்குமிடமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வருமான வரம்பு உண்டு. கல்லூரிக்கு அருகில் அப்படி ஒரு விடுதி இருந்து, அதில் இடமும் கிடைத்துவிட்டால் பந்திக்குப் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் நீங்கிவிடும். இதை இத்தனை மாதமாக யாரும் உங்களிடம் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் கிளாஸ் அட்வைசரிடமும், ஓர் அறைத் தோழரிடமாவது, உண்மையைச் சொல்லிவிடுங்கள். உழைத்துச் சாப்பிடுவதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. மறைத்ததால்தான் தவறவிட்ட வகுப்பின் குறிப்புகளைக்கூட உங்களால் கேட்டு வாங்க முடியாமல் போயிருக்கிறது.

கேள்வி: தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள் முதலாண்டு பொறியியல் படிக்கிறாள். ஆங்கிலம் வராததால் வகுப்பில் சந்தேகம் கேட்கவே பயப்படுகிறாள். என்ன செய்வது?
(ஒரு தாய், தேனி)

பதில்: தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள், அம்மா. 2010ஆம் ஆண்டிலேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. பொறியியலைத் தமிழில் பேசுவது புதிய செய்தி அன்று. வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால், பாடம் முடிந்ததும் ஆசிரியரின் மேசைக்குப் போய்க் கேட்கட்டும். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல்லையும் அன்றன்றே எழுதி வரட்டும். ஆக்ஸலரேஷன் என்றால் திகைப்பவருக்கு முடுக்கம் நன்றாகத் தெரியும். மொமென்டம் என்பது அவர் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் போட்டுப் பழகிய உந்தம்தான்.