குடலைக் கவ்விக்கொள்ளும் மருந்துத் துகள்

"மாத்திரை இருக்கும்போது வயிற்றுக்குள் ரோபோ எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். குடல் சும்மா இருக்காது. உள்ளே போனதை ஓயாமல் கீழே தள்ளும். மருந்தும் அதோடு போய்விடும்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதற்குக் கொக்கிப்புழுவைப் பார்த்தார்கள். அது குடல் சுவரைக் கடித்துத் தொங்கும் அல்லவா? அதேபோல, தூசி அளவில், நட்சத்திர வடிவில் 'தெராகிரிப்பர்' என்ற குட்டி ரோபோத் துகளைச் செய்தார்கள். பேட்டரி கிடையாது, ரிமோட் கிடையாது. மேலே மெழுகுப் பூச்சு மட்டும். உடல் சூட்டில் அது இளகியதும் விரல் போன்ற முனைகள் தாமாக மடங்கிக் குடலின் உட்புறச் சளிச்சவ்வைக் கவ்வும். மருந்து மெல்லக் கசியும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த எளிமைதான்.

2020இல் வெளியான விலங்குச் சோதனையில் வலிநிவாரணி சுமார் 12 மணி நேரம் உடலில் நின்றது. துகள் இல்லாமல் கொடுத்தபோது 2 மணி நேரம்தான். பிறகு பிடி தளர்ந்து, துகள்கள் மலத்தோடு வெளியேறிவிடும்.