ஒரே கொட்டகை, ஒரே தடுப்பூசி, பலன் மட்டும் வேறு வேறு

கேள்வி: ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், ஒரே தடுப்பூசி. சிலவற்றுக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி சரியாக வரவில்லை. மரபணுவா காரணம்?

பதில்: அவசரப்பட்டு மரபணுவைக் குறை சொல்லாதீர்கள். மருந்து குளிர்ச்சியில் இருந்ததா, எல்லாக் குஞ்சுக்கும் முழு அளவு போனதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் தாய்க்கோழி. மஞ்சள் கரு வழியாகத் தாயின் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம்) குஞ்சுக்குள் வந்துவிடும். அது மிகுந்திருந்தால் தடுப்பூசியில் உள்ள கிருமியையே மடக்கிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மரபணுவுக்கு வரலாம். கோழியின் 16-வது குரோமோசோமில் 'பி' என்றொரு மரபணுத் தொகுதி உண்டு. கிருமியின் துணுக்கைத் தூக்கிக் காட்டி, "இவன்தான் ஆள்" என்று எதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் சொல்லும் புரதங்கள் இதிலிருந்துதான் வருகின்றன. மனித உடலில் இந்த வேலையைப் பல புரதங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. கோழியில் பெரும்பகுதி ஒரே புரதத்தின் தலையில். அது ஒரு துணுக்கைப் பிடிக்கத் தவறினால் ஈடுகட்ட ஆள் குறைவு. ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் நீட்டிக் குஞ்சைச் சாய்த்துவிடும் மேரெக்ஸ் நோயில் இது பளிச்சென்று தெரியும். இந்தப் பி தொகுதியில் பல வகை உண்டு. பி21 வகைக் கோழிகள் தாங்கும், பி19 சாயும்.

கேள்வி: அப்படியானால் பி21 கோழிகளை மட்டும் வளர்த்தால் போதுமே?

பதில்: பி21-இன் பலம் மேரெக்ஸுக்கு எதிராக நிரூபணமானது. அதை வைத்து எல்லா நோயையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. மேரெக்ஸிலேயே பி மட்டும் கதை இல்லை. 6, 7 என்ற இரண்டு ஆய்வுக்கூட வம்சங்களிலும் இருப்பது அதே பி2தான். ஆனாலும் 6 தாங்குகிறது, 7 சாய்கிறது.

கேள்வி: மேரெக்ஸ் ஊசி போட்ட கோழி நோயைப் பரப்புமா?

பதில்: பரப்பும். மேரெக்ஸ் வைரஸால் உடலுக்குள் வரும் புற்றுக்கட்டியை ஊசி தடுக்கும், தொற்றைத் தடுக்காது. வைரஸ் இறகுப் பொடியில் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: பறவைக் காய்ச்சலை வாத்து பல நேரம் தாங்குகிறது, கோழி ஏன் சட்டென்று சாகிறது?

பதில்: வைரஸின் ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கும் ரிக்-ஐ மரபணு வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை. முழுக் காரணமும் அதுவல்ல, ஆனால் பெரிய இழப்பு. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் வைரஸ் தான் பெருகப் பயன்படுத்திக்கொள்ளும் ஏஎன்பி32ஏ என்ற வேறொரு மரபணுவைத் திருத்திய 10 கோழிகளில் 9 தொற்றிலிருந்து தப்பின. வைரஸின் அளவை ஆயிரம் மடங்காக்கியதும் 10-க்கு 5 மாட்டிக்கொண்டன.