பிள்ளை பிறக்கும் நேரத்தில் மாமியின் பழைய பழக்கங்களை எப்படி மறுப்பது?

தம்பி, மனைவிக்கு எட்டாம் மாதம், இருப்பது மாமி வீட்டில், மாமி இப்போதே கோரோசனை, வசம்பு, வேர்க்கொம்பு (சுக்கு) என்று வாங்கி அடுக்குகிறா, சண்டை வராமல் எப்படி மறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் சொன்ன பிள்ளைகள் எல்லோரும் மாமியை வில்லியாக்கி விட்டார்கள். நானும் ஒரு மாமிதான். யாழ்ப்பாணத்தில் இணுவிலில் இருக்கிறேன், மகளும் மருமகனும் என்னோடுதான். எங்கள் பக்கத்தில் இருந்தும் ஒரு பதில் இருக்கட்டும்.

நான் டொக்டர் இல்லை, நேர்ஸும் இல்லை. "இவவுக்கு என்ன தெரியும்" என்று கேட்க வருபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கிளினிக்கில் சொல்லிக் கேட்டதையும் வீட்டில் கண்டதையும்தான் எழுதுகிறேன்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, பிள்ளையின் வாய்க்குள் போவது. மற்றது, ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பிந்த வைப்பது. மிச்சமெல்லாம் மாமியின் கையிலேயே இருக்கட்டும். சரக்கு அரைத்துக் கறி வைக்கிறாவா? மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, அதோடு நல்ல மீனும் முருங்கைக்காயும். அதில் என்ன பிழை? பெற்ற உடம்புக்குச் சாப்பாடுதானே தேவை. இலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்க்கிறாவா? சூடு அளவாக இருந்தால் வார்க்கட்டும். வயிற்றில் வெட்டிய காயம் இருந்தால் மட்டும் டொக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்" என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைத்தால் சம்மதிக்க வேண்டாம். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், அவள் குடிக்கத்தான் வேண்டும்.

பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். கோரோசனை வேண்டாம், வசம்பை உரைத்து நாக்கில் தடவ வேண்டாம், கிரைப் வோட்டர் வேண்டாம், சீனித்தண்ணி வேண்டாம். எங்கள் பங்குனி, சித்திரை வெயிலுக்கும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே போதிய நீர் இருக்கிறது. தேன் ஒரு வயது முடியும்வரை கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குடலில் நஞ்சை உண்டாக்கும். தொப்புள் கொடியில் எதுவும் பூசாமல் காய விடுங்கள். மை நெற்றியில் இருக்கட்டும், கண்ணுக்குள் வேண்டாம்.

சரி, நான் எழுத வந்த காரணத்துக்கு வருகிறேன்.

மகளின் பிள்ளை போன வருஷம் பிறந்தான். சுகப்பிரசவம், அடுத்த நாளே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை பிள்ளையை மடியில் போட்டபோது எனக்கு அவனுடைய நிறம் பிடிக்கவில்லை. முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தேன், அழுத்திய இடம் மஞ்சளாக இருந்தது. கண் வெள்ளையிலும் மஞ்சள். வயிறு தாண்டிக் கால்வரை இறங்கியிருந்தது. பாலுக்கு எழுப்பினால் இரண்டு இழுவையோடு தூங்கிவிட்டான்.

மருமகன் கணினி வேலை செய்கிறவர், நல்லாகப் படித்தவர். போனைப் பார்த்துவிட்டு, "மாமி, பிறந்த பிள்ளையளுக்கு இது வாறதுதான், காலமை வெயிலில பிடிச்சாப் போயிடும்" என்றார். பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னா. கனடாவில் இருக்கும் என் தங்கை வீடியோவில் பார்த்துவிட்டு, "பிள்ளை வடிவாத்தானே இருக்கிறான்" என்றாள். போன் வெளிச்சத்தில் மஞ்சள் எங்கே தெரியப்போகிறது!

நான் மிட்வைஃபுக்கு அழைத்தேன். அவ முதலில் கேட்டது, "தாயின்ர ரத்த குறூப் என்ன?" முதல் கிளினிக்கிலேயே அதைப் பார்த்துக் கார்ட்டில் எழுதியிருந்தார்கள், ஓ பொசிட்டிவ். "வெயில் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ அம்மா, ஓட்டோவைப் பிடிச்சு இப்பவே போங்கோ" என்றா. போனோம். இரத்தம் எடுத்தார்கள், அன்றைக்கே கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்துக்குக் கீழே படுக்க வைத்தார்கள். பிள்ளையின் குறூப் ஏ.

அங்கே விளங்கப்படுத்தியது இது: தாய் ஓ, பிள்ளை ஏ அல்லது பி என்றால், சில பிள்ளைகளில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கும். அதிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் கழிவைப் பச்சைப்பிள்ளையின் ஈரலால் வேகமாகக் கழிக்க முடியாது. அளவு மிஞ்சினால் மூளையில் போய்ப் படியும், காது கேளாமல் போகலாம், அந்தச் சேதத்தைத் திருத்த முடியாது. நீல வெளிச்சம் பிலிருபினைச் சலத்திலும் மலத்திலும் போகக்கூடியதாக மாற்றிவிடும். வாசல் வெயிலை அதற்கு ஈடாக நம்பியிருக்க முடியாது.

மஞ்சள் கண்ட பிள்ளைக்கெல்லாம் ஆபத்து என்று நான் சொல்லவில்லை, அதற்கும் ஒருவர் வந்து சண்டை பிடிப்பார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வந்து தானாகவே போய்விடும். ஆனால் பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, கால்வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கினாலோ உடனே டொக்டர் பார்க்க வேண்டும்.

மருமகன் இன்றுவரை அந்த வெயிலைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானும் சொல்லிக்காட்டுவதில்லை. (இங்கே எழுதுவது கணக்கில் இல்லை, அவர் இந்தத் தளம் பார்ப்பதில்லை.)

ஆனாலும் அவரை நினைத்தால் பாவம். பிள்ளை வெளிச்சத்துக்குக் கீழே கிடக்கும்போது வேலை இடத்தில் இருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. அரச உத்தியோகத்தர் என்றால் தகப்பனுக்கு 3 நாள் லீவு உண்டு. தனியார் இடத்தில் தகப்பனுக்கென்று சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். பிள்ளை பெறுவது பெம்பிளையின் வேலை மட்டும் என்று சட்டம் எழுதியவர்களும் நினைத்துவிட்டார்கள் போல. இதை யாரிடம் போய்க் கேட்பது?

தாய்ப்பால் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. மகள் பிறந்தது 1995 ஆடி. ஐப்பசி 30ஆம் திகதி இரவு, போரால் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வீடுகளை விட்டுக் கிளம்பியபோது, அவளைச் சேலையில் சுற்றிக்கொண்டு மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தேன். போத்தல் இல்லை, சுடுதண்ணீர் இல்லை, பால்மாவுக்கு எங்கே போவது? வழியெல்லாம் நெரிசலுக்குள் நின்று நின்று பால் கொடுத்தேன். அதனால்தான் "பால் போதாது போல, ஒரு போத்தல் கரைப்பமே" என்று யாராவது தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும். உண்மையாகவே பால் சுரக்காத தாய்மாரும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. பிள்ளை நன்றாகச் சலம் போய், நிறையும் ஏறினால் பால் போதும் என்று அர்த்தம்.

உங்கள் மனைவிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போட விடாதீர்கள், உடம்பில் சுவறாது. தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. கல்சியத்தை வேறு நேரத்தில் கொடுங்கள். கடும் தலையிடி, கண் மங்கல், முகம் கை வீக்கம், இரத்தம் படுதல், தண்ணீர்க்குடம் உடைதல், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல், இதில் ஒன்று வந்தாலும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. 2018இல் இருந்து இங்கேயும் ஓடுகிறது.

இனி மாமி. நீங்கள் நேரே மறுத்தால் அவவுக்கு அது மானப் பிரச்சினை. மிட்வைஃப் வீட்டுக்கு வரும் நாளில் மாமியையும் பக்கத்தில் இருத்துங்கள். கோரோசனை கொடுக்கலாமா என்று நீங்கள் ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேளுங்கள், பதிலை மிட்வைஃப் சொல்லட்டும். வாங்கி வைத்த வசம்பை எறியச் சொல்ல வேண்டாம். ஏணைக்கு மேலே கூரை வளையில் கட்டித் தொங்க விடட்டும், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில்.