டின் மீன் எடுத்தவனுக்குச் சிறையா? சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பதில்

கேள்வி: மனநோய் உள்ளவர்களையும், யாரையும் தாக்காத சின்னக் குற்றம் செய்தவர்களையும் சிறையில் போடாமல் வேறு என்ன செய்யலாம்? உங்கள் நாட்டில் அப்படி ஏதாவது நடைமுறை இருக்கிறதா?

தென்னாப்பிரிக்காவில் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் வேண்டிய அளவு இருக்கிறது. இல்லாதது ஆஸ்பத்திரியில் கட்டிலும், கிளினிக்கில் ஊசியும், போன் பண்ணினால் எடுக்கிற ஒரு ஆளும்தான். நான் வக்கீல் இல்லை. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், என் சித்தி மகனுக்காகக் கோர்ட்டுக்கும் கிளினிக்குக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவனுக்கு மனச்சிதைவு நோய். ஆரம்பத்தில் வீட்டில் எல்லோரும் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் சொன்னார்கள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றி, காவடி எடுத்து, எலுமிச்சம்பழம் மந்திரித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. மாதம் ஒரு ஊசி போட்டுவிட்டால் அவன் பாட்டுக்கு இருப்பான், கை கொஞ்சம் நடுங்கும், பேச்சு மெதுவாக வரும், அவ்வளவுதான். ஒரு சமயம் கிளினிக்கில் மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வா என்றார்கள், அடுத்த வாரமும் அதே பதில். அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை பெரிய கடை ஒன்றுக்குள் போய், டின் மீன் இரண்டை எடுத்து, நடைபாதை நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து கையால் சாப்பிட்டிருக்கிறான். ஓடவில்லை, யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. காவலாளி வந்து நின்றபோது, நீயும் சாப்பிடு என்று டின்னை நீட்டினானாம். திருட்டு வழக்கு போட்டு லாக்கப்பில் வைத்துவிட்டார்கள், திங்கட்கிழமைதான் கோர்ட்.

2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 40ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், மனநோயால் ஒருவர் தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு செய்யக்கூடும் என்று போலீஸ் நம்பினால் அவரைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயாக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் தரையில் உட்கார்ந்து அமைதியாக மீன் தின்றவனால் யாருக்கு என்ன தீங்கு? அதனால் அந்தப் பிரிவு அவனுக்கு உதவவில்லை. கத்தியைத் தூக்கியிருந்தால் ஆஸ்பத்திரி, டின்னைத் தூக்கினதால் லாக்கப். இதை எந்தப் போலீஸ்காரரின் குறையாகவும் நான் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

சரி, கோர்ட்டுக்கு வந்த பிறகு என்ன? அங்கே இரண்டு பாதை. ஒன்று, 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 77, 78, 79 பிரிவுகள். விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் ஆள் இல்லை என்று தோன்றினால் மாஜிஸ்திரேட் அவரை மனநல மருத்துவரின் பரிசோதனைக்கு அனுப்பலாம், ஒரு தடவைக்கு 30 நாள் வரை மருத்துவமனையில் வைத்துப் பார்க்கவும் உத்தரவிடலாம். எங்கள் குவாசூலு-நட்டாலில் இதற்குப் பெரும்பாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள ஃபோர்ட் நேப்பியர் மருத்துவமனைதான். 30 நாள் என்பது கட்டில் கிடைத்த பிறகு. கிடைக்கும்வரை ஜாமீன் இல்லாதவர் எங்கே இருப்பார்? வெஸ்ட்வில் சிறையில், விசாரணைக் கைதியாக. அது மாதக்கணக்கில் இழுப்பதும் உண்டு. அதாவது நோயாளியைக் காப்பாற்ற எழுதிய பிரிவே, அந்தத் திருட்டுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக நாள் அவனை உள்ளே வைத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

இன்னொன்று, அரசு வழக்கறிஞர் வழக்கை நடத்தாமல், நிபந்தனை போட்டு வேறு வழிக்குத் திருப்பி விடுவது. சிறுவர்களுக்கு இது 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிறார் நீதிச் சட்டத்திலேயே விரிவாக இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த அளவுக்குச் சட்டம் இல்லை, பெரும்பாலும் அரசு வழக்கறிஞரின் முடிவுதான், ஆகவே யார் அன்றைக்கு அந்த நாற்காலியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். எங்களுக்கு நல்லவர் அமைந்தார். சித்தி கைப்பையில் கிளினிக் அட்டை வைத்திருந்தார், ஊசி போட்ட தேதிகளோடு, 'மருந்து இல்லை' என்று நர்ஸ் பேனாவால் எழுதிய இரண்டு வரிகளும் அதில் இருந்தன. அதைச் சட்ட உதவி வக்கீலிடம் கொடுத்தோம் (கட்டணம் கிடையாது, கோர்ட்டிலேயே இருப்பார்கள், கேட்க வேண்டியதுதான்), அவர் அரசு வழக்கறிஞரிடம் காட்டினார். கடைக்குப் பணம் கட்ட வேண்டும், சமூக நல அலுவலர் அறிக்கை தர வேண்டும், ஊசி தவறக்கூடாது என்று சொல்லி வழக்கைத் தள்ளி வைத்தார்கள், பிறகு வாபஸ் வாங்கினார்கள்.

குற்றம் நிரூபணமானால்கூடச் சிறை ஒன்றுதான் வழி என்பதில்லை. 1991இலிருந்து 'சீர்திருத்தக் கண்காணிப்பு' என்று ஒரு தண்டனை இருக்கிறது. வீட்டுக்காவல், சமூகப் பணி, ஆலோசனை வகுப்பு இவற்றோடு அதிகபட்சம் 3 ஆண்டு, வேலைக்கும் போய் வரலாம். தண்டனையை நிறுத்தி வைப்பதும் உண்டு, போதைப் பழக்கம் உள்ளவரைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மனநிலை சரியில்லாதவர்கள் விஷயத்தில் 2015 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் டி வோஸ் வழக்கில் முக்கியமான தீர்ப்பு ஒன்று கொடுத்தது. விசாரணைக்குத் தகுதியில்லாத ஒருவரை, நீதிபதிக்கு வேறு வழியே விடாமல், அடைத்து வைக்கச் சொன்ன பகுதி செல்லாது என்றார்கள். 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள், இப்போது நிபந்தனையோடு வீட்டுக்கு அனுப்பவும் நீதிபதியால் முடியும்.

சாட்ஸ்வொர்த்தில் இதைப் பேசினால் உடனே 'சுகர்ஸ்' பசங்களைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். மட்டமான ஹெராயினை எதையெதையோ கலந்து 'சுகர்ஸ்' என்று விற்கிறார்கள், 2000களின் நடுவிலிருந்து இந்த ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது. குழாய், தண்ணீர் மீட்டர், செம்புக் கம்பி எதுவும் வீட்டுக்கு வெளியே தங்காது. என் மாமாவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது, எல்லாரையும் உள்ளே தூக்கிப் போடு என்பார், மீட்டரை மூன்றாம் தடவை பறிகொடுத்தவரிடம் நான் என்ன வாதாட முடியும்? ஆனால் உள்ளே போனவன் அதே பழக்கத்தோடு, கூடவே கும்பல் சகவாசத்தோடு திரும்பி வந்து அதே மீட்டரைத்தான் கழற்றுகிறான். 2020 கொரோனா முடக்கத்தில் டர்பனில் வீடில்லாதவர்களை முகாம்களில் வைத்தபோது, போதை கிடைக்காமல் துடித்தவர்களுக்கு மெதடோன் (ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர்கள் கொடுக்கும் மருந்து) கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கான பெல்ஹேவன் மையம். மருந்து கிடைக்கிறவனுக்கு அன்றாடம் திருட வேண்டிய அவசரம் இல்லை. ராத்திரியில் கத்தியோடு வீடு புகுகிறவனை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவன் விஷயம் வேறு.

அப்புறம் இன்னொன்று. 'சிறை வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், சமூகமே பார்த்துக்கொள்ளட்டும்' என்று பேசுபவர்கள் லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களுக்கு நடந்ததை மறக்கக்கூடாது. கௌடெங் மாகாண அரசு செலவைக் குறைப்பதாகச் சொல்லி அவர்களோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்து, 2015–16இல் 1,700 பேருக்கும் மேற்பட்ட மனநோயாளிகளை வெளியேற்றி, பெரும்பாலோரைத் தயாராக இல்லாத தொண்டு நிறுவனங்களிடம் தள்ளிவிட்டது. 144 பேர் இறந்தார்கள். பசி, குளிர், கவனிப்பு இல்லாமை. 2018இல் முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே குடும்பங்களுக்கு ஏறத்தாழ 12 லட்சம் ராண்டு வீதம் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். மாற்று ஏற்பாடு என்று பெயர் மட்டும் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட மோசமான உதாரணம் எனக்குத் தெரியாது. என்னிடம் பணத்தைக் கொடுத்து ஒரே ஒரு காரியம் செய் என்றால், புதுச் சட்டமும் வேண்டாம், தனிக் கோர்ட்டும் வேண்டாம், கிளினிக்கில் அந்த மாத ஊசி தவறாமல் கிடைக்க ஏற்பாடு பண்ணுவேன்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்து இந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், கிளினிக் அட்டையைப் போட்டோ எடுத்து இரண்டு மூன்று பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நிலைமை மோசமாகிறது, அவரோ வர மறுக்கிறார் என்றால், கைது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கணவன், மனைவி, நெருங்கிய சொந்தம் யாராவது மருத்துவமனையிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், மருத்துவர்கள் ஒத்துக்கொண்டால் 72 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். விண்ணப்பம் கொடுப்பவர் கடைசி 7 நாளுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும், அதனால் கேப்டவுனில் இருக்கும் அண்ணனை விட்டுவிட்டு வீட்டில் கூட இருப்பவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.