மழை வருதே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிம் ஜங் மி என்ற கொரியப் பாடகியின் ‘நவ்’ (1973) இசைத்தொகுப்பு தற்செயலாகக் கிடைத்தது. முதல் பாட்டு ‘ஹேன்னிம்’ விடமாட்டேன் என்கிறது. வரிகளைச் செயலியில் போட்டுத் தமிழாக்கினால் ஒரு வரியில் ‘அவன்’, அடுத்ததில் ‘அவள்’, பிறகு ‘நான்’. பொருள் தெரியாமலே கேட்டுவிட்டுப் போகலாமா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

பழி முழுக்கச் செயலியுடையது அல்ல. கொரிய வினைமுற்றில் பால், எண், இடம் காட்டும் விகுதி கிடையாது. எழுவாயையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தமிழில் வந்தான், வந்தாள், வந்தேன் என்று எதையாவது வைத்தே ஆகவேண்டும். மூலத்தில் இல்லாததைச் செயலி ஊகித்து ஒட்டுகிறது.

ஆனால் பொருளைக் கைவிட வேண்டாம். தமிழ்க் காதுக்குக் கொரிய வாக்கியம் அத்தனை அந்நியம் இல்லை. ‘பிகா ஓனே’ என்று ஒரு பாட்டு இதில் உண்டு. ‘பி’ மழை, ‘கா’ எழுவாய் உருபு, ‘ஓ’ வருதல், ‘னே’ அப்போதுதான் கவனித்த வியப்பு. மழை வருதே! சொல் வரிசைகூட மாறவில்லை. (உடனே அப்பா, அம்மா என்று இரு மொழியிலும் ஒத்த சொற்களின் பட்டியலை எடுத்துவிடாதீர்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். மொழியியலாளர்கள் அந்த உறவை இன்று ஏற்பதில்லை.)

ஆகவே முழுப் பாட்டையும் செயலியில் கொட்டாமல், இடைவெளி விட்ட ஒவ்வொரு துண்டாக அகராதியில் பாருங்கள். துண்டின் கடைசியில் ‘உல்’, ‘ருல்’ வந்தால் நம் ‘ஐ’. ‘எசொ’ வந்தால் ‘இல்’ அல்லது ‘இலிருந்து’. ‘ஹேன்னிம்’ என்பதில் ‘ஹே’ சூரியன், ‘நிம்’ மரியாதை விகுதி. சூரியனார் கோயிலின் ‘சூரியனார்’ அப்படியே பொருந்தும். வெறும் ‘சூரியன்’ என்று போட்டால் பாட்டின் பணிவு போய்விடும். ஏறத்தாழ ஆறு நிமிடப் பாட்டு அது: கிட்டார் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்க, நரம்பிசைக் கருவிகள் மெல்ல வந்து சூழும். குரல் அவசரப்படுவதே இல்லை.

வரிகளைத் தேட, கொரிய எழுத்தில் பாட்டின் பெயரோடு ‘காசா’ (பாடல் வரிகள்) என்று சேருங்கள். ‘ஹேன்னிம்’ பழைய எழுத்துக்கூட்டலில் நடுவே ஒரு மெய் அதிகம். இன்றைய அகராதியில் அது இல்லை. இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் இன்னொரு சிக்கல். பாடகி பெயரிலும் இசையமைப்பாளர் ஷின் ஜுங் ஹ்யொன் பெயரிலும் வரும் ‘ஜங்’, ‘ஜுங்’ இரண்டும் ஜே-யூ-என்-ஜி என்று ஒரே மாதிரி எழுதப்படுவதுண்டு. கொரியத்தில் உயிரெழுத்து வேறு. பாடகிக்கு ஜே-இ-ஓ-என்-ஜி என்றும் தேட வேண்டும்.

பாட்டு எல்லாமே ஷின்னுடைய கைவண்ணம். அமெரிக்கப் படைமுகாம்களில் கிட்டார் வாசித்து வளர்ந்தவர். 1972இல் தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹீயைப் புகழ்ந்து பாட்டெழுதச் சொன்னபோது மறுத்து, நாட்டின் மலையையும் ஆற்றையும் பாடினார். அந்தப் பாட்டும் இத்தொகுப்பில் உண்டு. 1975இல் கஞ்சா வழக்கில் கைது, பாட்டுகளுக்குத் தடை. 1979இல் பார்க் கொல்லப்படும்வரை அவர் மேடையேற முடியவில்லை. பழைய இசைத்தட்டுகள் இன்று யானை விலை விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூலத் தட்டுக்குக் காசைக் கரைக்காதீர்கள். லயன் புரொடக்‌ஷன்ஸ் மறுபதிப்பே போதும்.