கெடு நெருங்குகிறது, ஃபைல் திறக்கவில்லை: மொழிபெயர்ப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடியே 18 ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு செய்துவருகிறேன். மருத்துவப் படிவங்கள், நிலப் பத்திரங்கள், தோல் தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புக் கையேடுகள் என்று எல்லாம் வரும். வேலையைத் தள்ளிப்போடும் பழக்கம் பற்றியும் நேரக் கணக்கு பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். அதிகம் பேர் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை: அக்கா, நான் சோம்பேறி இல்லை. வீட்டு வேலை ஒன்றுகூட பாக்கி இருக்காது. ஆனால் 5 நாள் கெடு கொடுத்தால் 4 நாள் ஃபைலைத் திறக்கவே மாட்டேன். கடைசி ராத்திரி கண் விழித்து முடிக்கிறேன். ஏன் இப்படி?

நீ சோம்பேறி இல்லை என்பதை நம்புகிறேன் அம்மா. 605ஆம் குறளில் நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார் வள்ளுவர். மடி என்றால் சோம்பல். செய்ய வேண்டியதை நீட்டிக்கொண்டே போவது நெடுநீர். இரண்டும் ஒன்றில்லை.

நம் தொழிலில் இந்த நீட்டிப்புக்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம். ஃபைலுக்குள் என்ன இருக்கிறதோ, எந்தச் சொல்லில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். திறக்காதவரை அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

எனக்கே நடந்தது. ஒரு வாடிக்கையாளர் 60 பக்கத்துக்கு மேல் நிலப் பத்திரங்கள் அனுப்பினார், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. முதல் இரண்டு பக்கம் சுலபமாக இருந்தது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்துவிட்டேன். நான்காம் நாள் இரவு கடைசிப் பக்கங்களுக்குப் போனால், அத்தனையும் கையால் எழுதிய பழைய பத்திரங்களின் ஸ்கேன். பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு), செக்குபந்தி (நிலத்தின் நான்கு பக்க எல்லை), பாதி அழிந்த சர்வே எண்கள். வட ஆற்காடு என்று எழுதியிருக்கும் ஊர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, அதிலிருந்து வந்த வேலூரும் 2019இல் மூன்றானது. பத்திரத்தில் உள்ள பழைய பெயரை அப்படியே வைக்க வேண்டும், மாற்றக் கூடாது. இதையெல்லாம் முதல் நாளே பார்த்திருந்தால் அழிந்த எண்களை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கியிருப்பேன். நள்ளிரவில் யாரிடம் கேட்பது? இரண்டு நாள் தாமதமாகத்தான் கொடுத்தேன். அவர் அதன் பிறகு வேலை தரவில்லை.

அன்றிலிருந்து, ஃபைல் வந்த அன்றே அரை மணி நேரம் அதற்குக் கொடுத்துவிடுகிறேன். மொழிபெயர்க்க அல்ல. கடைசிப் பக்கம்வரை உருட்டிப் பார்க்க வேண்டும், இடறும் சொற்களைக் குறிக்க வேண்டும், கேட்க வேண்டியதை உடனே எழுதி அனுப்ப வேண்டும். பதில் வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் கெடுவுக்குள்ளேயே இருக்கட்டும். இன்னொன்றும் நடக்கும்: ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டால், சமைக்கும்போதும் கடைக்குப் போகும்போதும் அந்தச் சொற்கள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் உட்காரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

காட்பாடியிலிருந்து: மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் செய்கிறேன். ஒரே ஒரு சொல்லில் இரண்டு நாளாக நிற்கிறேன். பிளாசிபோ. நகரவே முடியவில்லை.

நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். போலி மருந்து என்று எழுதினால் படிக்கும் நோயாளி கள்ள மருந்து என்று நினைப்பார். இந்தப் படிவங்கள் பொதுவாக மறுமொழிபெயர்ப்புக்குப் போகும். மூலத்தைப் பார்க்காத ஒருவர் உங்கள் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். அங்கே கள்ள மருந்து என்ற பொருள் வந்தால் படிவம் திரும்பி வரும். முதல் இடத்தில் ‘பார்க்க அதே மாத்திரை போலவே இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இருக்காது; இதை பிளாசிபோ என்பார்கள்’ என்று விளக்கிவிட்டு, பிறகு பிளாசிபோ என்றே எழுதுங்கள். நோயாளிக்குப் புரிய வேண்டும், அதுதான் அந்தப் படிவத்தின் நோக்கம்.

ஆனால் நின்றது சரி என்றாலும், மொத்த வேலையையும் நிறுத்தியது தவறு. அந்த இடத்தில் மஞ்சள் நிறம் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். ஒரு பக்கத்தில் 7, 8 மஞ்சள் இருந்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள். அகராதி பார்ப்பது, டாக்டரிடம் கேட்பது எல்லாம் அப்போதுதான்.

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி: பொமொடோரோ முறை நமக்குச் சரிப்படுமா அக்கா?

1980களின் கடைசியில் இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உண்டாக்கிய முறை இது. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. உட்காரவே மனம் வராத நாளில் நல்ல உதவி. வேலை சூடுபிடித்த பிறகு எனக்கு இடைஞ்சல். ஒப்பந்தங்களில் 80, 90 வார்த்தையில் ஒரே ஆங்கில வாக்கியம் வரும். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும், தமிழில் கடைசியில்தான் வரும். அவ்வளவு நேரம் வாக்கியம் முழுவதையும் மனதில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் மணி அடித்தால் எல்லாம் கலைந்துவிடும். அதனால் நான் கடிகாரத்தை விட்டுவிட்டு, பத்தி முடியும் இடத்தில்தான் எழுந்திருக்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து: ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை செய்யலாம்? ஒவ்வொரு முறையும் என் கணக்கு தப்புகிறது.

2,000 முதல் 2,500 என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை வைத்துக் கெடு ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் சொந்தக் கணக்கு வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதிய விஷயம் இது: முன்பு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்திருந்தும், அடுத்த வேலைக்குக் குறைவாகவே நேரம் போடுகிறோம். ஒரு நோட்டில் வேலை வகை, வார்த்தை எண்ணிக்கை, ஆன மணி நேரம், இந்த மூன்றை மட்டும் எழுதிவாருங்கள். எனக்கு ஒப்புதல் படிவம் மணிக்கு 250 வார்த்தை, இயந்திரக் கையேடு 400. திருத்திப் படிப்பதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் கூடுதல். நோட்டு இல்லாமல் இது எனக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம், எந்த மொழி வார்த்தையை எண்ணுகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் மூன்று வார்த்தையாக இருப்பது தமிழில் ‘மருத்துவமனையில்’ என்று ஒன்றாகிவிடும். என் ஃபைல்களில் 1,000 ஆங்கில வார்த்தை தமிழில் 700 சொச்சம்தான் வருகிறது. தமிழை எண்ணிக் காசு தந்தால் அதே உழைப்புக்குக் கூலி குறையும். கூலி குறைந்த வேலையில் உட்கார மனம் வராதது இயல்பு.

வேலூர் காந்தி ரோடு லாட்ஜ் பக்கம் வங்காள நோயாளிகளுக்கு மொழி உதவி செய்யும் ஒரு தம்பி: டாக்டர் முன்னால் நின்றால் கடகடவென்று பேசிவிடுவேன். மெடிக்கல் ரிப்போர்ட்டை எழுதித் தரச் சொன்னால் ஒரு வாரம் இழுக்கிறேன்.

பேச்சில் உங்களுக்குத் தள்ளிப்போட வழியே இல்லை, அதனால் வருகிறது. எழுத்தையும் பேச்சாக்கிவிடுங்கள். எதிரே அந்த நோயாளியின் மகன் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, வரி வரியாகக் கைபேசியில் பேசித் தட்டச்சு செய்யுங்கள். முதல் வரைவு அரை மணியில் வந்துவிடும். மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் மட்டும் காதை நம்பாமல் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மில்லிகிராம் மாறினால் உயிர் விஷயம்.

ராணிப்பேட்டையிலிருந்து: அமெரிக்க ஏஜென்சி வெள்ளிக்கிழமை மாலைக்குள் என்கிறது. நமக்கு எப்போது?

நியூயார்க் மாலை 5 மணி என்றால் கோடையில் நமக்குச் சனி அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. ஆனால் நோட்டில் வெள்ளி இரவு 8 என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு அம்மா: கத்திரி வெயிலில் மூளையே ஓடவில்லை.

ஓடாதுதான். 40 டிகிரியைத் தாண்டும் நாளில் மதியம் கடினமான பத்தியைத் தொடாதீர்கள். மே மாதம் முழுக்க நான் காலை 4.30க்கு உட்கார்ந்து 9.30க்கு முடித்துவிடுகிறேன். மதியத்துக்கு பில் போடுவது, மெயில் அனுப்புவது. பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளையும் முன்கூட்டியே பார்த்து வேலையை மாற்றிவையுங்கள்.

திருப்பத்தூரிலிருந்து: நாளை மறுநாள் கெடு, பாதிகூட முடியவில்லை. ஏஜென்சியிடம் சொல்வதா, முயன்று பார்ப்பதா?

இன்றே சொல்லுங்கள். இன்று சொன்னால் அவர்களால் பாதியை வேறொருவருக்குப் பிரித்துத் தர முடியும், கெடு அன்று சொன்னால் முடியாது. உடம்பு சரியில்லை, நெட் இல்லை என்று காரணம் அடுக்க வேண்டாம். ‘12 பக்கம் முடிந்து திருத்தியாயிற்று, இத்துடன் இணைத்துள்ளேன். மீதி 14 பக்கத்துக்கு இன்னும் 9 மணி நேரம் வேண்டும். வியாழன் காலை 11க்குத் தரலாமா?’ என்று மட்டும் எழுதுங்கள். அனுப்பிவிட்டு 13ஆம் பக்கத்தைத் திறங்கள்.