விமானியும் கட்டுப்பாட்டாளரும் ஒரே மொழியில் கதைத்தும் ஏன் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: முகிலுக்குள் கருவிகளை மட்டும் நம்பி இறங்கும்போது விமானிக்கும் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையில் எப்படிக் குழப்பம் வருகிறது? சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள்தானே? போன மாதம் நாங்கள் வந்த விமானம் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கப்போய்த் திரும்ப மேலே ஏறியது. அதுவும் இப்படி ஒரு குழப்பம்தானா?

திருப்பிச் சொல்வதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வளைகுடா நாடு ஒன்றில் பதினெட்டு வருடம் கட்டுப்பாட்டாளர் வேலை பார்த்தவன். இப்போது உரும்பிராயில் வாழைத்தோட்டத்தோடு இருக்கிறேன். ஒரு நாள் நல்ல புழுதிக்காற்று. ஓடுபாதையே தெரியவில்லை. ஒரு விமானத்தை மூவாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னேன். விமானி திருப்பிச் சொன்னார். நான் அடுத்த விமானத்தைக் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்துக் கதிரையில் இருந்த மலையாளி நண்பர்தான் என் தோளில் தட்டி, "அவர் இரண்டாயிரம் என்றல்லவா சொன்னார்?" என்றார். உடனே திருத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். இரண்டாயிரம் என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்படி கேட்டது. ஆனால் அந்த நேரம் என் காதில் விழுந்தது நான் சொன்ன மூவாயிரம்தான். பொய்யில்லை, சத்தியமாக அப்படித்தான் கேட்டது.

எதை எதிர்பார்க்கிறோமோ அதைத்தான் காது கேட்கும். மொழி தெரியாததால் வரும் குழப்பத்தைவிட, நன்றாகத் தெரிந்ததால் வரும் குழப்பம்தான் எனக்கு எப்போதும் பயம்.

இன்னொன்று இந்த "ஓம்". அம்மா போனில், "வரேக்கை திருநெல்வேலிச் சந்தையிலை கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வா" என்கிறார். நாங்களும் "ஓம், ஓம்" என்கிறோம். அது 'கேட்டது' என்ற ஓமா, 'செய்கிறேன்' என்ற ஓமா? வெறுங்கையோடு படலையில் நிற்கும்போதுதான் தெரியும். வானொலியில் இதற்காகவே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'ரோஜர்' என்றால் நீ சொன்னது வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். 'வில்கோ' என்றால் அப்படியே செய்கிறேன். உயரம், திசை, ஓடுபாதை, காற்றழுத்த எண் (உயரமானியைச் சரிசெய்யத் தரையிலிருந்து தருவது) என்று வந்துவிட்டால் இரண்டுமே போதாது, எண்ணையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்லியும் போன உயிர்கள் உண்டு. 1989 பெப்ரவரி 19, கோலாலம்பூர் சுபாங். சிங்கப்பூரிலிருந்து வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம், போயிங் 747. கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்து, "டிசென்ட் டூ ஃபோர் சீரோ சீரோ" என்றார். ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணும், 'அந்த உயரத்துக்கு' என்பதில் வரும் 'க்கு'வும் ஒரே 'டூ'தான் (எங்கள் ஊர் எழுத்தில் 'ரூ'). விமானியின் காதில் அது "நானூறுக்கு இறங்கு" என்று விழுந்தது. "ஓகே, ஃபோர் சீரோ சீரோ" என்று திருப்பியும் சொன்னார். தரையில் இருந்தவர் அதைப் பிடிக்கவில்லை. விமானத்துக்குள் தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தும் அவர்கள் மேலே ஏறவில்லை. குன்றில் மோதி நால்வரும் இறந்தார்கள். 'இரண்டாயிரத்து நானூறு' என்று சொல்வதுதான் முறை. அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. தமிழில் என்றால் இது வராது என்று பெருமைப்பட வேண்டாம், எங்களிடம் தொண்ணூறும் தொள்ளாயிரமும் இருக்கின்றன.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அதில் ஒரு எண்கூடப் பிழையாகக் கேட்கவில்லை. 1974 டிசம்பர் 1, வாஷிங்டனுக்கு வந்த டிடபிள்யூஏ 514 என்ற அமெரிக்கப் பயணிகள் விமானம். பலத்த காற்றினால் வாஷிங்டனுக்குப் பக்கத்திலேயே உள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. இன்னும் 44 மைல் இருக்கும்போதே "அப்ரோச்சுக்கு அனுமதி", அதாவது ஓடுபாதையை நோக்கி இறங்கி வரலாம் என்றார் கட்டுப்பாட்டாளர். அந்த இடத்தில் 3,400 அடிக்குக் கீழே போகக்கூடாது என்று விமானியின் வரைபடத்தில் இருந்தது. கப்டன் அதைக் கண்டும் இருக்கிறார். ஆனாலும் அனுமதி தந்துவிட்டார்கள் என்றால் பாதை துப்புரவாகத்தான் இருக்கும், 1,800 அடிக்கு இறங்கலாம் என்று முடிவு செய்தார். கட்டுப்பாட்டாளர் நினைத்ததோ, உயரத்தை விமானி வரைபடம் பார்த்துக் கவனித்துக்கொள்வார் என்று. மவுண்ட் வெதர் என்ற மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று இரண்டு பக்கமும் நினைத்த இடத்தில் யாருமே பார்க்கவில்லை. அதைவிடக் கொடுமை, ஆறு கிழமைக்கு முன் யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே பிழையைச் செய்தும் தப்பியிருந்தது. அது அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. பெயர் சொல்லாமல் பிழைகளை அறிவிக்கும் திட்டத்தை நாசா 1976இல் தொடங்கியதற்கு இதுதான் பின்னணி. வரைபடத்தில் குறித்திருக்கும் பாதைக்குள் விமானம் வரும்வரை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டாளரே சொல்ல வேண்டும் என்ற விதியும் அப்புறம்தான் வந்தது.

அதே கிழமை, டிசம்பர் 4ஆம் திகதி, எங்கள் நாட்டிலும் சப்த கன்னி மலையில் மார்ட்டின்எயார் விமானம் மோதி 191 பேர் போனார்கள். அது பேச்சுக் குழப்பம் அல்ல, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்தது. சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குடாநாட்டில் மோதுவதற்கு மலை ஏது, பனைதானே என்று கேட்பீர்கள். பாரிஸ் விமான நிலையமும் சமதரைதான். 2022 மே 23 அன்று அங்கே ஒரு ஏர்பஸ் 320க்குக் காற்றழுத்தம் 1001 என்பதற்குப் பதில் 1011 என்று சொல்லப்பட்டது. விமானி 1011 என்றே ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். பிழையைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னால் யாருக்குத் தெரியும்? ஒரு அலகுக்கு ஏறக்குறைய 28 அடி, பத்துக்கு 280. உயரமானி காட்டியதைவிட அவ்வளவு கீழே பறந்தார்கள். மழைக்குள் ஓடுபாதை தெரியவில்லை என்று அவர்கள் மேலே இழுத்தபோது, சக்கரத்துக்கும் தரைக்கும் இடையில் 6 அடிதான் மிச்சம். ஓடுபாதைக்கோ இன்னும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் இருந்தது.

உங்கள் பலாலி விமானத்தில் என்ன நடந்தது என்று பயணியின் இருக்கையிலிருந்து சொல்ல முடியாது. மாரிமழைக் காலத்தில் பெரும்பாலும் காரணம் சாதாரணமானதுதான். இவ்வளவுதான் இறங்கலாம் என்ற உயரம் வந்தும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மேலே ஏறத்தான் வேண்டும். பாரிஸில் அவர்கள் செய்ததும் அதுதான்.